இரண்டு தமனி உள்ள சிறுநீரகத்தை ஏன் தேர்ந்தெடுத்தோம்: சேலத்தில் ஒரு மாற்று அறுவை சிகிச்சையும் அதற்கு முன் அச்சடித்த இரண்டு மாடல்களும்

உயிரோடு இருக்கும் ஒருவரிடமிருந்து சிறுநீரகம் எடுக்கும்போது சர்ஜன் முதலில் பார்ப்பது எத்தனை தமனி இருக்கிறது என்பதைத்தான். ஒன்று இருந்தால் நிம்மதி. இந்த கேஸில் கொடையாளரின் வலது சிறுநீரகத்துக்கு ஒரே தமனி, இடதுக்கு இரண்டு. இருந்தும் இடதையே எடுத்தோம். அந்த முடிவுக்கு எப்படி வந்தோம், அதில் 3டி பிரிண்டரில் அச்சடித்த மாடலுக்கு என்ன பங்கு, எந்த இடத்தில் மாடல் கைகொடுக்கவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும் என்று நினைத்தேன். குழுவில் நான் ரேடியாலஜிஸ்ட். ஸ்கேனைப் படிப்பதும் அதிலிருந்து மாடலுக்கான கோப்பைத் தயாரிப்பதும் என் வேலை. நோயாளியும் அவருடைய அக்காவும் எழுதச் சம்மதம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

நோயாளியும் கொடையாளரும்

நோயாளிக்கு 46 வயது. ஆத்தூர் பக்கம் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஆலையில் மேஸ்திரி. சர்க்கரை நோய் 20 வருடத்துக்கு மேல். சிறுநீரகம் செயலிழந்து 5 வருடமாக வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ். இதயப் பரிசோதனைகள் எல்லாம் திருப்தியாக இருந்தன. பிரச்சினை ரத்தக்குழாயில். நீண்டகாலச் சர்க்கரையும், டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு ஏறிப்போகும் பாஸ்பரஸும் சேர்ந்தால் தமனிச் சுவரில் கால்சியம் படியும். இவருக்கு இரண்டு தொடைகளிலும் நாடித்துடிப்பு கைக்குத் தெரிந்தது. ஆனால் இடுப்புப் பகுதி எக்ஸ்ரேயிலேயே தமனிகள் வெள்ளைக் கோடாகத் தெரிந்தன.

மாற்றுச் சிறுநீரகத்தைப் பழைய சிறுநீரகம் இருந்த இடத்தில் வைப்பதில்லை. அடிவயிற்றின் ஓரத்தில் இடுப்பெலும்புக் குழியில் வைத்து, அங்கே காலுக்குப் போகும் வெளி இலியாக் தமனியிலும் அதை ஒட்டி ஓடும் சிரையிலும் இணைக்கிறோம். அந்தத் தமனிச் சுவர் சுண்ணாம்பாக இறுகியிருந்தால் ஊசி இறங்காது. இறங்கினாலும் சுவர் பிளந்துகொள்ளும். ரத்தத்தை நிறுத்த கிளாம்ப் போடும் இடத்திலும் இதே ஆபத்து இருக்கிறது. படிவு நொறுங்கி ஒரு துண்டு காலுக்குப் போய்விட்டால் காலுக்கே ஆபத்து. எனவே தைப்பதற்கு ஓர் இடம், கிளாம்ப் போட மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மூன்று மிருதுவான இடங்கள் வேண்டும்.

கொடையாளர் அவருடைய அக்கா. 54 வயது. ஏற்காட்டில் நாகலூர் பக்கம் சின்னக் காபித் தோட்டம், அதில் ஊடுபயிராக மிளகுக் கொடி. பிரஷர் இல்லை, சர்க்கரை இல்லை. இருவருக்கும் ஒரே ரத்த வகை, கிராஸ்மேட்சும் நெகடிவ், அதாவது அக்காவின் செல்களைத் தம்பியின் ரத்தம் எதிர்க்கவில்லை. 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி உடன்பிறந்தவர் நெருங்கிய உறவு. உறவுக்கான சான்றுகள் சரியாக இருந்ததால் அனுமதி சிக்கலில்லாமல் கிடைத்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்கள் மூட்டை தூக்கக் கூடாது என்பதால், காபிப் பழம் பறிப்பு முடிந்ததும் தேதி வைத்துக்கொள்ளலாம் என்று அவர் கேட்டார். அதுவரை தம்பியின் உடல்நிலை தாங்கும் என்று சிறுநீரக மருத்துவரும் சொன்னதால் ஒப்புக்கொண்டோம். இந்த இடைவெளி கிடைத்ததால்தான் மாடல் செய்ய அவகாசமும் கிடைத்தது.

எது என்ற கேள்வி

அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும் ஏறக்குறைய சமமாக வேலை செய்தன. இடது 51 சதவீதம், வலது 49. இரண்டில் நல்லது கொடையாளரிடமே இருக்க வேண்டும் என்பது மாற முடியாத விதி. இங்கே வித்தியாசம் அற்பமானது என்பதால் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம்.

பொதுவாக எல்லோரும் விரும்புவது இடதை. அதன் சிரை நீளமானது, தைக்க வசதி. வலதின் சிரை குட்டை. இவருக்கு அது 22 மி.மீ. மட்டுமே இருந்தது. இடதில் 5 செ.மீ.க்கு மேல் கிடைக்கும். ஆனால் இடதில் 6 மி.மீ. அகலமுள்ள முக்கியத் தமனிக்குக் கீழே, மகாதமனியிலிருந்து தனியாகக் கிளம்பிய 2.5 மி.மீ. தமனி ஒன்று சிறுநீரகத்தின் கீழ்முனைக்குப் போனது. இப்படி ஒன்றுக்கு மேற்பட்ட தமனி சுமார் நாலில் ஒருவருக்கு இருக்கும், நோய் ஒன்றும் இல்லை. ஆனால் சிறுநீரகத் தமனிகள் ஒன்றுக்கொன்று ரத்தம் பகிர்ந்துகொள்வதில்லை. ஒன்றை விட்டுவிட்டால் அது ஊட்டும் பகுதி செத்துப்போகும். கீழ்முனைத் தமனி என்றால் கூடுதல் கவலை, சிறுநீர்க்குழாயின் மேல் பகுதிக்கும் பெரும்பாலும் அதிலிருந்துதான் ரத்தம் போகிறது. அது அடைபட்டால் சிறுநீர்க்குழாய் அழுகி, வயிற்றுக்குள் சிறுநீர் கசியும்.

முதல் கூட்டத்தில் மூத்த சர்ஜன் வலதை எடுக்கலாம் என்றார். ஒரு தமனி, ஒரு தையல், ஏற்கெனவே கெட்டுப்போன இலியாக் தமனியில் வேலை குறைவு. அந்த வாதத்தில் பிழை இல்லை. இன்னொரு சர்ஜனுக்கு அந்தக் குட்டைச் சிரையில் மனம் ஒப்பவில்லை. திரையில் முப்பரிமாணப் படத்தைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்தார்கள். அக்காவின் வயிறு ஒரு படத்தில் இருக்கிறது, தம்பியின் இடுப்பு இன்னொரு படத்தில் இருக்கிறது. இதை எடுத்து அதில் வைத்தால் எப்படி உட்காரும் என்பதுதான் கேள்வி. திரையால் அந்த விவாதத்தை முடிக்க முடியவில்லை. அப்புறம்தான் மூன்றையும் அச்சடித்துப் பார்க்கலாம் என்று முடிவு செய்தோம்: அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும் ஒரு தொகுப்பாக, தம்பியின் இடுப்புக்குழி இன்னொன்றாக.

இது புதுமை ஒன்றும் இல்லை. அமெரிக்காவின் கிளீவ்லண்ட் கிளினிக் குழு 2013-இல் மூன்று கொடையாளர், மூன்று பெறுபவர் என 6 கல்லீரல்களை அச்சடித்து, உண்மையான உறுப்போடு ஒப்பிட்டு வெளியிட்டது. லண்டனில் 2015-இல் தந்தையின் சிறுநீரகத்தை 3 வயதுக் குழந்தைக்கு வைக்கும் முன், பெரியவரின் உறுப்பு அந்தச் சின்ன வயிற்றுக்குள் அடங்குமா என்று இரண்டையும் அச்சடித்துப் பார்த்தார்கள். எங்கள் கேள்வியும் அதே வகைதான். அங்கே இடம் போதுமா என்று கேட்டார்கள். இங்கே குழாய்கள் நேராக நிற்குமா என்று கேட்டோம்.

மாடல் உருவான விதம்

அக்காவுக்கு கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தி எடுத்த சி.டி. ஸ்கேன் ஏற்கெனவே இருந்தது. தமனி நிறையும் நேரம், சிரை நிறையும் நேரம், சிறுநீர்க்குழாயில் மருந்து இறங்கும் நேரம் என்று தனித்தனியாக எடுத்தது, ஒவ்வொரு வெட்டும் 0.75 மி.மீ. கனம். மருந்து நிறைந்த தமனி பளிச்சென்று தெரியும். அடர்த்தி அளவை வைத்து மென்பொருளே பெரும்பாலும் பிரித்துவிடும். நாங்கள் பயன்படுத்தியது 3டி ஸ்லைசர் என்ற இலவச மென்பொருள்.

தம்பியின் படத்தில்தான் உண்மையான உழைப்பு. அவருக்கு இன்னும் தினம் கொஞ்சம் சிறுநீர் வந்துகொண்டிருந்தது. டயாலிசிஸ் நோயாளிக்கு அந்தக் கொஞ்சமும் பெரிய சொத்து. கான்ட்ராஸ்ட் கொடுத்து அதைக் கெடுக்க யாருக்கும் மனமில்லை. மருந்தில்லாத வெறும் சி.டி.தான் எடுத்தோம். அதில் கால்சியம் அருமையாகத் தெரியும், ஏனென்றால் ரத்தத்தின் அடர்த்தி 40 ஹவுன்ஸ்ஃபீல்டு (சி.டி.யில் அடர்த்தியைச் சொல்லும் அலகு) அளவில் இருக்க, கால்சியம் 130-க்கு மேலே நிற்கும். ஆனால் தமனியின் வெளிச்சுவரையும் பக்கத்துச் சிரையையும் ஒவ்வொரு வெட்டிலும் கையால்தான் வரைய வேண்டும். வரைந்தேன். சந்தேகம் வந்த இடங்களில் டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) செய்து ஒப்பிட்டேன்.

கோப்பு தயாரிக்கும்போது எல்லோரும் கவனிக்க வேண்டிய கட்டம் ஒன்று உண்டு. பிரித்தெடுத்த வடிவம் படிக்கட்டு போலச் சொரசொரப்பாக இருக்கும் என்பதால் அதை மழுமழுப்பாக்கும் கட்டளை ஒன்றைக் கொடுப்போம். அது மெல்லிய குழாய்களைக் கரைத்துவிடும். 6 மி.மீ. தமனிக்கு ஒன்றும் ஆகாது. 2.5 மி.மீ. தமனி நூலாக இளைத்து, இன்னும் ஒரு படி போனால் காணாமலே போகும். யாருக்காக இந்த மாடலைச் செய்கிறோமோ அந்தத் தமனியே மாடலில் இருக்காது. கண்ணுக்கு அழகாக இருக்கும், ஆனால் பொய். அதனால் இறுதி வடிவத்தின் விளிம்புக்கோட்டை மறுபடி அசல் ஸ்கேன் மேல் போட்டு, மூன்று திசையிலும், நானல்லாத இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் கோப்பு வெளியே போகும். இங்கே அந்த வேலையை யூராலஜி உயர்படிப்பு மாணவி ஒருவர் செய்தார். அவர் நேரம் எடுத்துப் பார்த்தது எனக்குப் பெரிய தைரியம்.

இடுப்பெலும்பை ஒரு பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் சாதாரண பிளாஸ்டிக் இழையில் அடித்தோம். சிறுநீரகங்களையும் ரத்தக்குழாய்களையும் அடித்துக் கொடுத்தவர் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு, மோதிர டிசைன்களுக்கு காஸ்டிங் மாதிரி போட்டுக்கொடுக்கும் ஓர் இளைஞர். வெள்ளி வேலைக்காக அவர் வைத்திருக்கும் ரெசின் பிரிண்டர் 0.05 மி.மீ. அடுக்கில் அடிக்கும். பத்தரை செ.மீ. உயரச் சிறுநீரகத்துக்கு 2100 அடுக்கு. நாங்கள் கொடுத்த கோப்பில் வெறும் வடிவம் மட்டுமே, யாருடைய பெயரும் எண்ணும் இல்லை.

அச்சு முடிந்து, ஆல்கஹாலில் கழுவி, தாங்குகம்பிகளை வெட்டும்போது நான் பக்கத்தில் இருந்தேன். ரெசின் அச்சில், தொங்கும் பாகங்களைத் தாங்க மெல்லிய காம்புகள் தானாக முளைக்கும், கடைசியில் அவற்றை நறுக்கிவிடுவார்கள். எல்லாம் ஒரே சாம்பல் நிறம். அவர் கட்டரைக் கொண்டுபோய் ஒரு காம்பின் மேல் வைத்து, வெட்டாமல் நிறுத்தி, "சார், இது சப்போர்ட்டுங்களா, உங்க குழாயிங்களா?" என்று கேட்டார். அது கீழ்முனைத் தமனி. கொலுசில் பொடி வேலை பார்த்துப் பழகிய கை என்பதால்தான் அந்த இடத்தில் நின்றது. அடுத்த முறையிலிருந்து தமனியின் முனையில் ஒரு சின்னக் குமிழ் வைத்துக் கோப்பு கொடுக்கிறோம், குழப்பமே வராது.

பிறகு எனாமல் பெயின்ட். தமனி சிவப்பு, சிரை நீலம், சிறுநீர்க்குழாய் மஞ்சள், கால்சியம் வெள்ளை. வெர்னியரால் அளந்ததில் கீழ்முனைத் தமனி 2.6 மி.மீ. வந்தது. இந்த அளவெடுப்பைத் தவிர்க்கவே கூடாது. கிளீவ்லண்ட் குழுவின் மாடல்களில் ரத்தக்குழாய் விட்டத்தில் சராசரிப் பிழை 1.3 மி.மீ.க்குள் இருந்தது. கல்லீரலின் பெரிய சிரைக்கு அது பொருட்டில்லை. எங்கள் 2.5 மி.மீ. தமனியில் அவ்வளவு பிழை வந்திருந்தால் மாடலைத் தூக்கிப் போட வேண்டியதுதான்.

மேஜை மேல் வைத்துப் பார்த்தபோது

இடுப்பு மாடலைக் கையில் எடுத்ததுமே ஒரு விஷயம் முடிவாகிவிட்டது. இடது பக்கத் தமனி முழுவதும் வெள்ளை வளையம், அங்கே வேலை இல்லை. வலது பக்க வெளி இலியாக் தமனியில் பின்சுவர் பூராவும் வெள்ளை. ஆனால் கீழ்ப்பகுதியில், முன்சுவரில், ஏறக்குறைய இரண்டரை செ.மீ. நீளத்துக்குச் சுத்தமான சிவப்பு. கிளாம்ப் போட அதற்கு மேலேயும் கீழேயும் ஒவ்வொரு இடம் ஓரளவு தேறியது. சர்ஜன் மார்க்கரை எடுத்து அந்த மூன்று இடங்களிலும் கோடு போட்டார்.

அடுத்து வலது சிறுநீரகத்தை அந்தக் குழியில் வைத்துப் பார்த்தார்கள். இவருடைய இடுப்பு ஆழமானது. சிரை, தமனிக்கு உள்பக்கமாக இன்னும் ஆழத்தில் கிடக்கிறது. 22 மி.மீ. சிரை அதை எட்ட வேண்டுமானால் சிறுநீரகத்தையே குழிக்குள் இறக்கியாக வேண்டும். இறக்கினால், வலது தமனி இயல்பிலேயே நீளமானது, கீழே முன்பக்கம் இருக்கும் அந்தச் சிவப்பு இடத்துக்கு வரும்போது மிச்ச நீளம் போக வழியில்லாமல் மடங்குகிறது. தோட்டத்து ஹோஸ் மடங்கினால் தண்ணீர் நிற்பது போலத்தான் இதுவும். மாடல் வளையாது என்பதால் ஒரு துண்டு சிலிக்கான் குழாயை அதன் தமனியில் செருகி அளந்தார்கள். எப்படித் திருப்பினாலும் மடிப்பு வந்தது.

மூத்த சர்ஜன் உடனே விடவில்லை. பெறுபவரின் உள் இலியாக் சிரையைக் கட்டி அறுத்துவிட்டால் வெளிச் சிரை மேலே எழும்பி வரும், குட்டைச் சிரை எட்டும் என்றார். நன்கு தெரிந்த உத்திதான். ஆனால் இவ்வளவு ஆழத்தில், பின்னால் சுண்ணாம்புத் தமனி இருக்க, அந்தச் சிரையை விடுவிப்பது தேவையில்லாத ரத்தப்போக்கை வரவழைக்கும் என்று மற்றவர் சொன்னார். சொல்லிக்கொண்டே இடது சிறுநீரகத்தை எடுத்து அதே குழியில் வைத்தார். நீளமான சிரை ஆழத்தை எட்டியது. சிறுநீரகம் மேலேயே உட்கார்ந்தது. குட்டையான முக்கியத் தமனி நேராகச் சிவப்பு இடத்தின் மேல் வந்து நின்றது. இரண்டாவது தமனிதான் மிச்சப் பிரச்சினை. அதை இலியாக் தமனியில் தனியாகத் தைக்க இடமில்லை. சிறுநீரகத்தை வெளியே எடுத்ததும், ஐஸில் வைத்திருக்கும் நேரத்திலேயே, அதை முக்கியத் தமனியின் பக்கவாட்டில் தைத்துவிட்டால் உள்ளே வரும்போது ஒரே தமனிதான். அது நடக்காவிட்டால் வயிற்றுச் சுவரின் கீழ்த் தமனியோடு இணைக்கலாம் என்று மாற்று வழியும் முடிவாயிற்று.

மூத்த சர்ஜன் இரண்டையும் தன் கையால் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, "சரி, இடது" என்றார்.

இதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். அனுபவமுள்ள இரண்டு பேர், ஒரே ஸ்கேனைப் பார்த்து, நியாயமான காரணங்களோடு வேறு வேறு முடிவில் இருந்தார்கள். அந்த விவாதம் மயக்க மருந்து கொடுத்த பிறகு, சிறுநீரகம் ஐஸில் காத்திருக்கும்போது நடந்திருக்கலாம். பல நாள் முன்பே, டீ குடித்துக்கொண்டு, மேஜை மேல் நடந்தது. மாடல் தேவைப்பட்டது அதற்காகத்தான்.

அக்கா கேட்ட கேள்வி

அக்காவையும் தம்பியையும் கூப்பிட்டு மாடலைக் காட்டி விளக்கினோம். தம்பி தன் இடுப்பு மாடலில் இருந்த வெள்ளையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் பேசவில்லை. அக்கா சிறுநீரகத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஏனுங்க டாக்டர், ரெண்டு குழாய் இருக்கறது நல்ல கிட்னிங்களா, கெட்ட கிட்னிங்களா? எனக்கு மிச்சம் இருக்கறது பழுதில்லாததுதானுங்களே?" என்றார்.

கொடையாளர் கேட்க வேண்டிய சரியான கேள்வி இதுதான். பல பேர் கேட்பதில்லை, தம்பிக்கு நல்லதாகப் போய்ச் சேர்ந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். ஒரு தமனி உள்ள, சிக்கலில்லாத வலது சிறுநீரகம் அவரிடமே இருக்கிறது என்பதையும், இரண்டு தமனி என்பது பிறவி அமைப்பு என்பதையும் இரண்டு மாடல்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினோம். எடுத்தபின் ரத்த அழுத்தத்தையும் சிறுநீரையும் வருடா வருடம் பார்க்க வேண்டும் என்றும் சொன்னோம். "மலையிலிருந்து இறங்கி வந்து போறது எனக்கொண்ணும் சிரமமில்லைங்க" என்றார்.

தியேட்டரில்

லேப்ராஸ்கோப்பி வழியாக இடது சிறுநீரகம் எடுக்கப்பட்டது. கீழ்முனைத் தமனி மாடல் காட்டிய இடத்தில் இருந்தது, எங்கே என்று தேடிக் கொழுப்பைக் கிளற வேண்டியிருக்கவில்லை. சிறுநீர்க்குழாயைச் சுற்றிய கொழுப்பைக் கிளறாமல் விடுவது முக்கியம், அதில்தான் அதன் நுண்குழாய்கள் ஓடுகின்றன. ஐஸ் தட்டில் வைத்து, கீழ்முனைத் தமனியை முக்கியத் தமனியில் பூதக்கண்ணாடி அணிந்து தைத்தார்கள். மாடல் கிருமிநீக்கம் செய்யப்பட்டதில்லை, அதனால் கண்ணாடிப் பையில் போட்டு, அறுவை மேஜைக்கு வெளியே சர்ஜன் கண்ணில் படும்படி ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்.

வலது பக்கம் திறந்ததும் தமனியை விரலால் தடவி, மார்க்கர் போட்ட இடங்களை ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார்கள். மூன்றும் மிருதுவாகவே இருந்தன. ஆனால் தமனியைத் திறந்தபோது உள்சுவரில் தடித்த கொழுப்புப் படிவு இருந்தது. கால்சியம் ஏறாத படிவு அது. மருந்தில்லாத சி.டி.யில் அது தெரிய வழியில்லை, எனவே மாடலிலும் இல்லை. உள்சுவர் உரிந்து ரத்த ஓட்டத்தை அடைக்காமல் இருக்க அதைச் சில தையல்களால் வெளிச்சுவரோடு பிடித்துக் கட்டிவிட்டுத்தான் இணைப்பைப் போட முடிந்தது. சிவப்பு பெயின்ட் அடித்த இடம் ஆரோக்கியமான இடம் என்று பொருளல்ல, கால்சியம் இல்லாத இடம் என்று மட்டுமே பொருள். இப்போது எங்கள் ஒவ்வொரு மாடலோடும் போகும் தாளில் இந்த வரி இருக்கிறது. இன்னொரு பக்கம், சி.டி.யில் கால்சியம் உள்ளதைவிடப் பருத்துத் தெரியும் என்பதும் அந்தத் தாளில் உண்டு. ஆக, வெள்ளையும் முழு உண்மை இல்லை.

கிளாம்பை எடுத்ததும் சிறுநீரகம் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை ஒரே நிறத்தில் சிவந்தது. எல்லோர் கண்ணும் கீழ்முனையில்தான் இருந்தது. சில நிமிடங்களில் சிறுநீர் வந்தது. மறுநாள் டாப்ளரில் கீழ்முனை வரை ரத்த ஓட்டம் சரியாக இருந்தது. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதைக் காட்டும் ரத்த அளவான கிரியாட்டினின் ஏழாம் நாள் 1.3. ஆறாவது வாரம் சிறுநீர்க்குழாயில் வைத்திருந்த ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை எடுத்தோம், கசிவு எதுவும் இல்லை. அக்கா நாலாம் நாளே வீட்டுக்குப் போய்விட்டார்.

யாருக்கு மாடல் தேவை, யாருக்குத் தேவையில்லை

எல்லா மாற்று அறுவை சிகிச்சைக்கும் மாடல் அச்சடிக்க வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். இடது சிறுநீரகம், ஒரு தமனி, பெறுபவருக்குச் சுத்தமான இலியாக் தமனி என்றால் ஸ்கேன் ரிப்போர்ட்டே போதும். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்பு வரும்போது இதற்கு நேரமே கிடையாது, ஆனால் காத்திருப்புப் பட்டியலில் இருக்கும் நோயாளியின் இடுப்பு மாடலை முன்கூட்டியே செய்துவைக்கலாம். தமனியில் கால்சியம் ஏறியவர்கள், ஏற்கெனவே ஒரு முறை மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், பெரியவரின் சிறுநீரகம் பெறப்போகும் குழந்தைகள் ஆகியோருக்கு நிச்சயமாகச் செய்ய வேண்டும் என்பது என் கருத்து. செலவில் பெரும்பகுதி ரெசினுக்கு ஆகவில்லை, ஸ்கேனைப் பிரித்து வரைய உட்காரும் மணி நேரங்களுக்குத்தான் ஆகிறது. மருத்துவமனைகள் அந்த நேரத்தை ஒதுக்கித் தர வேண்டும்.

ஆத்தூர், தர்மபுரி, நாமக்கல் பக்கத்திலிருந்து நோயாளிகளை அனுப்பும் மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள். சி.டி.யை ஃபிலிமாகவோ மொபைலில் பிடித்த போட்டோவாகவோ கொடுத்தனுப்பாதீர்கள், 5 மி.மீ. வெட்டுகளை மட்டும் குறுந்தகட்டில் போட்டும் அனுப்பாதீர்கள். 1 மி.மீ.க்குக் குறைவான அசல் வெட்டுகள் ஸ்கேன் இயந்திரத்தில் சில நாட்களே இருக்கும், பிறகு அழிந்துவிடும். ஸ்கேன் எடுத்த அன்றே அவற்றைக் கேட்டு வாங்கி, நோயாளியிடம் பென்டிரைவில் கொடுத்துவிடுங்கள். அது இருந்தால் மறுபடி ஸ்கேன் எடுக்காமலேயே மாடல் செய்துவிட முடியும்.